செத்தா உங்கிட்டத்தான்

அந்த வீட்டில் எதையும் சோதித்துப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. காரணம், வீட்டுத் தலைவர் பேருந்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது சம்பளத்துக்குத்தான் வந்தது, சந்தேகத்துக்கு வரவில்லை. தபால்காரர் கதவைத் தட்டினால் கூட, நீ தினமும் வருகிறவன்தானா என்பது போல ஒரு பார்வை பார்ப்பார். விருந்துக்கு வந்தவர், அவசரமாகப் போகணும் என்று எழுந்தால், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அந்த நேரத்தில் அப்படி ஒரு வண்டியே கிடையாது என்று நிரூபித்து, மறுபடி உட்கார வைப்பார். தெருவில் அவருக்குச் 'செக்கிங்' என்று பெயர். கேலியாக வைத்ததுதான். அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

தொழிலில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. மற்ற பரிசோதகர்கள் வண்டியில் ஏறியதும் கையை நீட்டி, டிக்கெட் டிக்கெட் என்பார்கள். அது சோம்பேறிகள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. அவர் சந்தேகப்பட்ட ஆளின் பக்கத்தில் போய் உட்காருவார். வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு, டிக்கெட்டின் நிறத்தை இன்று முதல் மாற்றிவிட்டார்களாமே, பச்சையாகக் கொடுக்கிறார்களாமே என்று ஒரு பொய்யை மெல்ல இறக்கி வைப்பார். டிக்கெட் வாங்கியவன், "இல்லையே சார், எனக்கு ரோஸ்தான குடுத்தாரு" என்று உடனே திருத்துவான். வாங்காதவன், "ஆமா சார், பச்சைதான் பாக்க நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவான். அவ்வளவுதான் விசாரணை.

"தப்பா ஒண்ணச் சொல்லிப் பாரு. விஷயம் தெரிஞ்சவனால சும்மா இருக்கவே முடியாது, நாக்கு அரிக்கும்" என்று மகள்கள் இருவருக்கும் சாப்பாட்டு மேசையில் பாடம் எடுப்பார். மூத்தவள் இந்தக் கல்வியின் பலத்தில்தான் தணிக்கைத் துறைக்குப் போய், தன்னைப் போலவே ஒருவரையும் சந்தேகத்துக்கிடமின்றித் தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்டு, வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் மிச்சமிருந்தது இளையவள்.

இளையவளுக்குச் சந்தேகப்படத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது டிப்போ.

டிப்போ ஒரு நாய். பணிமனையில் நின்றிருந்த பேருந்தைப் பின்னால் எடுத்தபோது சக்கரத்துக்குள் காலை விட்டுக்கொண்ட குட்டி. பிறந்த இடத்தின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. செக்கிங் அதைத் தன் காக்கிச் சட்டைக்குள் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார். பள்ளிக்கூடச் சீருடையோடு கூடவே ஓடிய இளையவள், அங்கே ஒரு டாக்டர் அந்த முன்னங்காலைப் பிரித்து, எலும்பை ஒட்டவைத்து, தோலைத் தைத்து மூடுவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். மறுவாரமே அது எழுந்து நடந்தது. குளிர் வந்தால் மட்டும் லேசாக இழுக்கும். மற்றபடி வீட்டிலேயே டிக்கெட் இல்லாமல் எங்கேயும் போய்வர அனுமதி பெற்ற ஒரே ஜீவன் அதுதான்.

அந்தக் கதவிடுக்கில் நின்றபோதே அவளுக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. கால்நடை மருத்துவம் படிப்பது, பிறகு மேற்படிப்பில் அறுவை மருத்துவம் எடுப்பது, பிறகு உலகத்தில் உள்ள எல்லாக் கால்களையும் ஒட்ட வைப்பது. முதல் பகுதி ஒழுங்காக நடந்தது. பட்டம் வாங்கிய அன்று செக்கிங் தெருமுழுக்க நடந்து, யாரும் கேட்காமலேயே எல்லோருக்கும் பதில் சொன்னார். அதற்கு முன்பே டிப்போ விஷயத்தில் மகள் பேச்சுக்குத் தனி மரியாதை வந்திருந்தது. டிப்போ ஒரு வேளை சாப்பிடாவிட்டால் விடுதிக்குப் போன் போகும். என்ன பண்ணலாம் என்று கேட்பார். அவர் வாழ்க்கையில் இன்னொருவரிடம் என்ன பண்ணலாம் என்று கேட்ட ஒரே துறை அது. அந்த ஒரு கேள்விக்காகவே அவள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் படித்திருப்பாள்.

இரண்டாவது பகுதியில்தான் சக்கரம் ஏறியது.

அறுவை மருத்துவ மேற்படிப்புக்கு நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள். இந்தப் பக்கம் ஒரு ரப்பர் துண்டும், ஊசியும், நூலும். ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டம்மா என்றார்கள். ஆயிரம் தடவை போட்ட முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். ஆனால் ஆறு கண்கள் திறந்திருந்தபோது அவள் இடது கை நடுங்கியது. நிறுத்த நிறுத்த நடுங்கியது. துறைத் தலைவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். அந்தக் கனிவிலேயே அவளுக்கு முடிவு தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால் நம்பிக்கை இருந்திருக்கும்.

இடமில்லை என்று தகவல் வந்தது. வருத்தத்தோடு கூடவே ஒரு சலுகை: நோய்க்குறியியல் துறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, விருப்பமிருந்தால் நாளைக்குள் சேரலாம். அந்தத் துறையில் எப்போதும் ஓர் இடம் காலியாகவே இருக்கும். கல்லூரியின் பின்வாசலுக்குப் பக்கத்தில், எரியூட்டிக்கு முன்னால், மரங்கள் கூட எட்டி நிற்கிற ஒரு கட்டடம் அது. அங்கே வருகிற விலங்குகள் நடந்து வருவதில்லை.

வீட்டில் கூட்டம் கூடியது. மூத்தவள் போனில் ஒலிபெருக்கியாகக் கலந்துகொண்டாள். செக்கிங் இதை ஒரு குற்றமாகவே பார்த்தார். எவனோ டிக்கெட் இல்லாமல் முன்வாசல் வழியாக ஏறிவிட்டான், இறங்க வேண்டியது நம் பெண் ஆகிவிட்டது என்றார். ஒரு வருஷம் பொறு, திரும்ப எழுது, செத்ததை அறுப்பதற்கு ஒரு பட்டமா என்று கேட்டார். அம்மாவுக்குக் கவலை வேறு. ஊரார் கேட்டால் என்ன சொல்வது? அந்தத் துறைக்கு வாயில் நுழைகிற ஒரு பெயர் கிடையாதா?

இளையவள் மறுநாள் காலை, சேருவதற்கில்லை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் அந்தக் கட்டடத்துக்குப் போனாள். அங்கே அந்தத் துறையின் பேராசிரியை, முழங்கை வரை ரப்பர் உறையோடு, ஒரு கோழியின் ஈரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணைக்காரர் ஒருவர் அழாத குறையாக நின்றார். பேராசிரியை ஈரலைக் கீழே வைத்துவிட்டு, தீவனத்தில் பூஞ்சை, இன்றைக்கே மாற்று என்றார். பண்ணைக்காரர் ஓடினார்.

"நம்மகிட்ட வர்றது எதுவும் பொழைக்காதும்மா. அதுக்குப் பின்னாடி வரிசையில நிக்குதே, அது பொழைக்கும். ஆனா அதுங்களுக்கு நம்மளத் தெரியாது. பரவால்லையா?"

பரவாயில்லை என்று இளையவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், பரவாயில்லைதானா என்று யோசித்தாள். அடுத்த வருஷம் அறுவைக்குத் திரும்ப எழுதலாம், அதுவரை கையாவது சும்மா இருக்காது என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் செய்துகொண்டாள்.

அம்மா ஒரே வாரத்தில் தேறிவிட்டாள். பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களிடம், "உள்ளுறுப்புல ஸ்பெஷலிஸ்ட்" என்று சொல்லத் தொடங்கினாள். அதைக் கேட்டு ஓர் அத்தை தன் கணவரின் பித்தப்பைப் படத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். அவளுக்கு விளக்கம் சொல்லித் திருப்பி அனுப்பியது தனிக் கதை. போகும்போது அத்தை, அப்படின்னா கடைசி வரைக்கும் எந்தப் பேஷண்டும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க, குடுத்து வெச்சவ என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

செக்கிங்தான் தேறவில்லை. அவர் சண்டை போடவில்லை, பேசாமல் இருக்கவும் இல்லை. ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டார். டிப்போவைப் பற்றிக் கேட்பதை. சனிக்கிழமை வீட்டுக்கு வருகிற மகள், அதன் காதையும் ஈறையும் பார்த்து ஏதாவது சொல்ல வாயெடுத்தால், முந்திக்கொள்வார்.

"இது இன்னும் உசுரோட இருக்கும்மா, உன் டிபார்ட்மென்ட் இல்ல. செத்தா உங்கிட்டத்தான் கொண்டு வரணும், அப்பப் பாத்துக்க."

முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். இளையவளும் சிரித்தாள். பிறகு அது வீட்டு வசனமாகிவிட்டது. உப்பு அதிகமானால், கடிகாரம் நின்றால், குழாய் ஒழுகினால், எதற்கும் அதையே பொருத்திச் சொன்னார்கள். மூத்தவள் போனில் கூட, என் ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சு, உங்கிட்டதான் அனுப்பணும் என்றாள். சிரித்துச் சிரித்தே இளையவளுக்கு ரோஷம் வந்தது. அவர் கேட்காமல் தானாகச் சொல்வதில்லை என்று அவளும் முடிவு செய்துகொண்டாள். அப்பனுக்கும் பெண்ணுக்கும் நடுவே டிப்போ, எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல், வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

கல்லூரியில் அவளுக்கு வேறொரு பெயர் வந்தது: தையல்காரி. பிரேதப் பரிசோதனை முடிந்ததும் உடலை நாலு பெரிய தையலில் சேர்த்துக் கட்டி, எரியூட்டிக்குத் தள்ளிவிடுவதுதான் அங்கே வழக்கம். சிலர் அந்த நாலும் போடுவதில்லை. இவள் மட்டும், அறுவை அரங்கில் உயிருள்ள விலங்குக்குப் போடுவது போல, உள்ளே ஓர் அடுக்கு, நடுவில் ஓர் அடுக்கு, மேலே தோலுக்கு நெருக்கமாக ஓர் அடுக்கு என்று தைப்பாள். ஒரு முயலுக்குக் கூட விடமாட்டாள். அட்டெண்டர் தள்ளுவண்டியில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார்.

"நெருப்புல போடறதுக்கு எம்ப்ராய்டரி எதுக்கும்மா? பாவம், அது கண்ணாடி கூடப் பாக்காது."

அவள் அடுத்த தையலைப் போடுவாள். அந்த மேசைமேல் அவள் இடது கை நடுங்குவதே இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், இங்கே நடுங்காத கை நேர்காணலில் மட்டும் ஏன் நடுங்கியது என்று கேட்பார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் பரீட்சை. சில வாரங்கள் அவளால் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒருநாள் போனில் அம்மா பேச்சோடு பேச்சாக, டிப்போ பழைய காலை ரொம்ப இழுக்கிறது, படியேற மாட்டேன் என்கிறது என்றாள். இளையவள் ஏதோ கேட்க வாய் திறப்பதற்குள் போன் கைமாறியது. ஒன்றுமில்லை, எனக்கு முட்டி வலிக்கிற மாதிரி அதற்கும் வலிக்கிறது, இரண்டு பேருக்கும் வயசாகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படி என்றார் செக்கிங். பிறகு அந்த வசனத்தையும் சொன்னார். அவளும் சிரித்து வைத்தாள். என்ன கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் என்ன பண்ணலாம் என்று கேட்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டாள்.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் முற்பகலில், அட்டெண்டர் ஆய்வக வாசலில் வந்து நின்று, வழக்கமான கேலி எதுவும் இல்லாமல், உங்கப்பா வந்திருக்கிறார் என்றார்.

பின்வாசலில் ஒரு வாடகை வண்டி. செக்கிங், அதன் பின் இருக்கையில், மடியில் காக்கித் துணி மூட்டையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். குட்டியாக இருந்தபோது தூக்கிப் போன அதே காக்கி. இப்போது நாலு பக்கமும் போதாமல் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் அழவில்லை. கோபமாக இருந்தார். அழுகையை விடக் கோபத்துக்கு முதுகு நேராக நிற்கும்.

எதிர்வீட்டுக்காரன் விஷம் வைத்துவிட்டான் என்றார். எதிர்வீட்டில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். அவர் வாசலில் பெட்டிகளை அடுக்கி ஒன்று இரண்டு மூன்று என்று சோதிக்கும்போதெல்லாம் டிப்போ கூடவே ஊளையிடும். அதனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பல மாதம். இரண்டு நாள் வாந்தி, மூன்றாம் நாள் எழுந்திருக்கவே இல்லை, இது விஷம் இல்லாமல் வேறென்ன என்றார். போலீசுக்குப் போகப் போகிறேன், கையில் காகிதம் வேண்டும் என்றார். பிறகு குரல் இறங்கியது.

"நீயே பாரும்மா. வேற யாரும் தொட வேண்டாம்."

இரண்டு நாள் வாந்தி. போன் பண்ணவில்லையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று இருவருக்குமே தெரியும்.

வேண்டாம், இதை நான் செய்கிறேன் என்றார் பேராசிரியை. இளையவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு உறையை மாட்டிக்கொண்டாள். அட்டெண்டர் மூட்டையைப் பிரித்து மேசையில் கிடத்தி, முதல் தடவையாக, தண்ணீரைச் சத்தம் வராமல் திறந்துவிட்டார். முன்னங்காலில் அந்தப் பழைய தழும்பு, ரோமத்துக்கு நடுவே ஒரு கோடாக இருந்தது. அதன் மேல் விரல் படாமல் வேலையைத் தொடங்கினாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. இரைப்பையில் ஓட்டை. சுற்றிலும் புண், கறுத்த ரத்தம். கசிந்தது வயிறு முழுக்கப் பரவியிருந்தது. பாடத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பார்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரையை நாய்க்குத் தொடர்ந்து கொடுத்தால் இப்படித்தான் ஆகும். மடிப்பு ஒன்றில், கரையாத மேல்பூச்சு ஒரு துணுக்கு, ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிறம் அவளுக்குத் தெரியும். வீட்டில் குளிர்பெட்டியின் மேல், அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மூட்டுவலிக்காக அப்பாவுக்கு மாதாமாதம் மருந்துக்கடையில் வாங்கி வந்து வைப்பவளே அவள்தான்.

பேராசிரியை எட்டிப் பார்த்தார். அறிக்கைத் தாளை எடுத்து வைத்தார். உள்ளதை உள்ளபடி இளையவள் எழுதினாள். அதில் ஓர் எழுத்தும் மாற்ற அவளால் முடியாது. பிறகு ஊசியை எடுத்தாள். உள்ளே ஓர் அடுக்கு, நடுவில் ஓர் அடுக்கு, மேலே ஓர் அடுக்கு. அட்டெண்டர் காத்திருந்தார். இந்த முறை அவசரப்படுத்தவில்லை.

செக்கிங் வெளியே நடையில், அனுமதி இல்லை என்று எழுதிய பலகைக்குக் கீழே பெஞ்சில் இருந்தார். அட்டெண்டர் மூட்டையைக் கொண்டு வந்து வைத்ததும், காக்கியை விலக்கிப் பார்த்தார். தையல் வரிசையின் மேல் கட்டைவிரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். ஒரு முடிச்சு கூடத் தட்டவில்லை.

"நல்லாத் தெச்சிருக்கே" என்றார்.

இத்தனை நாளில் அவள் படிப்பைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதைக் கேட்ட காதோடு மற்றதை அவளால் சொல்ல முடியவில்லை.

விஷமெல்லாம் இல்லை, எதிர்வீட்டுக்காரர் மேல் தப்பில்லை என்றாள். வயசு, உள்ளே எல்லாம் தேய்ந்து போய்விட்டது என்றாள். அவர் காக்கியை இழுத்து மூடினார்.

"வலிச்சிருக்குமா?"

"இல்லப்பா. தூக்கத்துலயே போயிருக்கும்."

சொல்லிவிட்டு, நடையின் ஜன்னலுக்கு வெளியே, எரியூட்டியின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செக்கிங் அவளைப் பார்த்தார். அறிக்கையைக் கேட்பார், என்ன செய்வது என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை. போலீசுக்குக் காகிதம் வேண்டும் என்று வந்த மனிதர், மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். வீட்டுக்குப் பின்னால் அவரே குழி தோண்டினார் என்று அம்மா சொன்னாள். முட்டி வலிக்கிறதென்று யாராவது கைகொடுக்க வந்தால் விரட்டினாராம்.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போய், தப்பாக நினைத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாராம். முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒருவரிடமும் கேட்டிராத மன்னிப்பு. ஒலிபெருக்கிக்காரர் பதறிப்போய், தான் வளர்க்கும் நாயைக் கூப்பிட்டு இவர் காலடியில் உட்கார வைத்தாராம். அதுமுதல் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து.

இளையவள் சனிக்கிழமைகளில் வந்தாள். வீட்டில் அந்த வசனத்தை யாரும் சொல்வதில்லை. கடிகாரம் நின்றால் பேசாமல் பேட்டரி மாற்றினார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் பேருந்தில் வரும்போது ஒத்திகை பார்ப்பாள். வீட்டுக்குள் நுழைந்ததும் குளிர்பெட்டி மேல் அந்த ஆரஞ்சு அட்டையைப் பார்ப்பாள், ஒத்திகை மறந்துவிடும். சொல்லி என்ன ஆகப்போகிறது, பிழைத்து வரவா போகிறது என்று நினைத்துக்கொள்வாள். பின்னால் வரிசையில் நிற்பது பிழைக்கும் என்று பேராசிரியை சொன்னது நினைவுக்கு வரும். நம் வரிசையில்தான் பின்னால் ஒன்றும் இல்லையே என்று அதையும் வாயடைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார் செக்கிங். இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது என்றார். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தபடி, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

"எதிர்வீட்டு நாய் காலை இழுக்குது. நம்ம முட்டி மாத்திரையே குடுங்கன்னு அட்டையோட குடுத்துட்டு வந்தேன். டிப்போவுக்கு அது நல்லாக் கேட்டுச்சுல்ல."

இளையவளின் டம்ளர் கவிழ்ந்தது. வேண்டாம்பா, எப்பக் குடுத்தீங்க, எத்தனை போட்டாங்க என்று ஒன்றோடொன்று இடிக்கிற கேள்விகளோடு, கை கூடக் கழுவாமல், செருப்பில்லாமல் தெருவைக் கடந்து ஓடினாள். ஒலிபெருக்கிக்காரர் வாசலில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மாத்திரை, மாத்திரை என்று அவள் மூச்சு வாங்கினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன மாத்திரை, யாருக்கு என்றார். அவருடைய நாய், நாலு காலும் நேராக, பெட்டிக்கு மேல் ஒரே தாவாகத் தாவி ஏறி, அவளைப் பார்த்து வாலாட்டியது.

ஒலிபெருக்கிகள் எல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைச் சுற்றி நின்றன. அவள் மெல்லத் திரும்பினாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம், வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். முப்பது வருஷம் ஓடுகிற வண்டியில் எத்தனையோ பேரைப் பிடித்தவர். பிடித்த பிறகு அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி வரும், மகள்களுக்குத் தெரியும். அது இப்போது இல்லை. தப்பாக ஒன்றைச் சொன்னார், அவளும் சும்மா இருக்கவில்லை. அவ்வளவுதான் விசாரணை.

அவள் திரும்பி வந்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். இருவருக்கும் நடுவே கம்பிக் கதவு. அன்றைக்கு ஜன்னலைப் பார்த்தபோதே தெரிந்ததா என்று அவள் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். நேராகக் கேட்க அவருக்கு இத்தனை மாதம் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

"பாதி மாத்திரைதான் குடுத்தேன், மொதல்ல" என்றார் அவர். கதவின் கம்பியில் துரு இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். "கேக்கல. படியில உக்காந்துட்டு என்னையே பாத்துட்டு இருந்துச்சு. அப்புறம் முழுசாக் குடுத்தேன். வெண்ணெய்ல வெச்சு. நல்லாச் சாப்பிட்டுச்சும்மா. வாலை ஆட்டிட்டே சாப்பிட்டுச்சு."

அவள் அதே கம்பியை இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டாள்.

"வலிச்சிருக்குமா?"

அதே கேள்வி. இந்த முறை ஜன்னல் எதுவும் இல்லை.

"வலிச்சிருக்கும்பா" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வா, சோறு ஆறுது என்றார். அம்மா கவிழ்ந்த தண்ணீரைத் துடைத்து முடித்திருந்தாள். மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்து, இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார்கள்.

அந்த வருஷம் அறுவை மருத்துவத்துக்கு விண்ணப்பம் போடுகிற கடைசி நாள் வந்தது, போனது. பேராசிரியை நாள்காட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இளையவள் ஒரு மாட்டின் நுரையீரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய முடிவென்று எதுவும் அவள் எடுக்கவில்லை. கையில் வேலை இருந்தது, அவ்வளவுதான். இடது கை நடுங்கியது நடுங்கியதுதான். எங்கே நடுங்காதோ அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். தெருவில் நாய் வளர்க்கிற வீடு ஒவ்வொன்றிலும் போய், மனிதர் மாத்திரையைக் கொடுக்காதீர்கள் என்று செக்கிங் சொல்லிவிட்டு வருவதாக அம்மா போனில் சொன்னாள். ஏன் என்று கேட்டவர்களிடம், நான் கொடுத்துதான் எங்க நாய் செத்தது என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறாராம். அதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று அம்மா கெஞ்சினாளாம். கேட்கவில்லையாம்.

இப்போது அவரிடமிருந்தும் போன் வருகிறது. எதிர்வீட்டு நாய் இருமுகிறது, அடுத்த தெருவில் பூனை ஒன்று கண்ணைத் திறக்கவில்லை, லாண்டரிக்காரர் வீட்டுப் புறா சிறகை விரிக்க மாட்டேன் என்கிறது. என்ன பண்ணலாம் என்று கேட்கிறார். அந்தக் கேள்வி அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

கேட்காதது தன் முட்டியைப் பற்றி மட்டும்தான். குளிர்பெட்டி மேல் அந்த ஆரஞ்சு அட்டை, அன்றைக்கு இருந்த அதே மாத்திரைகளோடு தூசி படிந்து கிடக்கிறது. டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கவில்லை. அளவோடு சாப்பிட்டால் மனிதனுக்கு அது ஒன்றும் செய்யாதப்பா, உங்களுக்காகச் செய்ததுதானே அது என்று இளையவள் படித்ததையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். ஆமா ஆமா, தெரியும் என்று தலையாட்டுவார், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

சனிக்கிழமை அவள் மாடி அறையில் படித்துக்கொண்டிருக்கும்போது படியில் அவர் வருகிற சத்தம் கேட்கும். ஒரு கால் ஊன்றும். இன்னொரு கால் இழுத்துக்கொண்டு வரும். நடுவில் கொஞ்சம் நிற்கும். குளிர்காலத்தில் டிப்போ ஏறி வரும்போது கேட்ட அதே சத்தம். அவள் புத்தகத்தை மூடாமல், எழுந்து போய்க் கைகொடுக்காமல், கொடுத்தால் விரட்டுவார் என்று தெரிந்து, கடைசிப் படி வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள்.